நான் கண்ணீர் விட்டுப் படித்த கவிதை

ஒரு மொழியைப் பேசத் தெரிந்தவருக்கு அதைப் படிக்கவும் தெரியும் என்று உலகம் ரொம்ப நல்ல மனதோடு நம்புகிறது. அந்த நல்ல மனதில் நான் பல வருடம் வாடகை கொடுக்காமல் குடியிருந்தேன். காலி செய்ய வைத்தது துதுல் என்ற மூன்று வயதுப் பெண்.

கல்யாணமாகித்தான் கொல்கத்தாவுக்கு வந்தேன். இவருக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் வேலை. எனக்குக் காளிகாட் பக்கம் ஒரு வங்கியில் கவுண்ட்டர். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் வங்காளம் தானாக வரும். வராவிட்டால் பென்ஷன் வாங்க வருகிற பெரியவர்கள் வரவழைத்துவிடுவார்கள். மிச்சத்தைக் கரியாஹாட் நடைபாதைக் கடைக்காரர்களிடம் சண்டை போட்டே கற்றுக்கொண்டேன். புடவை விலையைப் பாதியாக்கும் அளவுக்குப் பேச்சு வந்தபிறகு எழுத்து எதற்கு என்று விட்டுவிட்டேன். ஆபீஸில் எல்லாமே இங்கிலீஷ்தானே.

இவர் எனக்கு நேர் எதிர். பஸ் ஸ்டாப்பில் நின்று நின்று, பஸ் போர்டையும் லாரிகளின் முதுகையும் பார்த்தே வங்காள எழுத்து முழுவதையும் பிடித்துவிட்டார். வாயைத் திறந்தால் மட்டும், ‘சரி’ என்பதற்கு அவர்கள் சொல்லும் ‘ஆச்சா’வுக்கு மேல் ஒன்றும் வராது. வெளியே போனால் போர்டை இவர் படிப்பார், கண்டக்டரிடம் நான் பேசுவேன். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு வங்காளி. (தனித்தனியாக அனுப்பினால் இரண்டு பேருமே தொலைந்துபோவோம்.)

எங்களுக்குக் கீழ்வீட்டில் மிதாலி இருந்தாள். துதுலின் அம்மா. கவிதை எழுதுவாள். அந்த ஊரில் கவிதை எழுதுகிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை, படிக்கிறவர்கள்தான் அகப்படுவதில்லை. தெருவில் துர்கா பூஜைக்குப் போடும் மலரில் வருடா வருடம் அவளுடைய கவிதை ஒன்று வரும். முதல் வருடம் மலரை எடுத்துக்கொண்டு மாடியேறி என்னிடம் நீட்டினாள்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் முந்தின வாரம்தான் அவள், “உமா-தி, உங்க வங்காளம் எங்க வங்காளத்தைவிட இனிப்பா இருக்கு” என்று சொல்லியிருந்தாள். ‘தி’ என்றால் அக்கா. அக்கா இன்னும் தரைக்கு இறங்கவில்லை. பக்கத்தை வாங்கி, கண்ணை இடமிருந்து வலமாக நியாயமான வேகத்தில் ஓட்டினேன். கடைசி வரியில் ஒரு பெருமூச்சு விட்டேன்.

“கண்ல தண்ணி வந்துடுச்சு மிதாலி.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு அவள் எது எழுதினாலும் முதலில் என்னிடம்தான் வந்தது. நானும் ஒருமுறை அழுவேன், ஒருமுறை மௌனமாக ஜன்னலைப் பார்ப்பேன், ஒருமுறை “இதை நிதானமா இன்னொரு தடவ படிக்கணும்” என்பேன். தேசிய விருது கொடுத்திருக்கலாம்.

ஒரு தடவை குற்ற உணர்ச்சி தாங்காமல் இவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். லாரி முதுகைப் படிப்பது போலவே எழுத்து எழுத்தாக, நல்ல தமிழ் ராகத்தில் படித்தார். அதில் ஒரு சொல்கூட நான் கவுண்ட்டரில் கேட்ட வங்காளம் மாதிரி இல்லை. படித்தவருக்கு அர்த்தம் தெரியாது, கேட்டவளுக்குப் பாஷையே தெரியவில்லை. “நல்லாத்தான் எழுதிருக்கா” என்று மலரை மூடி வைத்தார்.

அப்புறம் அந்த சரஸ்வதி பூஜை வந்தது.

நம்மூரில் விஜயதசமிக்கு அரிசியில் எழுதவைப்பதை அங்கே தை-மாசியில் வரும் சரஸ்வதி பூஜையன்று சிலேட்டில் எழுதவைத்துச் செய்வார்கள். எங்கள் கட்டிடத்தின் கார் நிறுத்தும் இடத்தில் அம்மன் சிலை. மஞ்சள் புடவை சுற்றிய குழந்தைகள். துதுலுக்கு அன்று முதல் எழுத்து. புரோகிதர் அவளைத் தூக்கி மடியில் வைத்ததும் தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறினாள். இறங்கி ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “மாஷிகிட்டதான்” என்றாள். (மாஷி என்றால் சித்தி, அதாவது நான்.)

மிதாலிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. “உமா-தியே எழுத வைக்கட்டும். என் கவிதையெல்லாம் படிக்கிறவங்க. இதவிட நல்ல கை எங்க கெடைக்கும்?”

அடுத்த நொடி என் மடியில் துதுல், துதுல் மடியில் சிலேட்டு, அவள் கையில் சாக்பீஸ், அதன்மேல் என் கை. சுற்றிலும் கட்டிடம் மொத்தமும். அவளுடைய அப்பா போனில் வீடியோ எடுக்கிறார்.

எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. ஒரு குழந்தையின் முதல் எழுத்து. என்னை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். அரிச்சுவடியைப் பார்த்து எழுதிவிடலாம் என்றால், அன்று யாரும் எதையும் படிக்கக்கூடாது. கட்டிடத்துப் புத்தகம் அத்தனையும் அம்மன் காலடியில், பூவுக்கு அடியில். என் போனோ கைப்பையில், கைப்பை இவரிடம், இவர் கூட்டத்துக்கு அந்தப் பக்கம்.

இவருக்கு என் முகம் புரிந்துவிட்டது. எதிரே நின்று காற்றில் விரலால் எழுதிக் காட்டினார். எனக்குத் தெரிந்தது ஒரு ஜிலேபி. மறுபடி எழுதினார். இன்னும் பெரிய ஜிலேபி. பக்கத்திலிருந்தவர் கொசு என்று நினைத்து ஃபேனை இவர் பக்கம் திருப்பிவிட்டார்.

“ம், எழுதும்மா” என்றார் புரோகிதர்.

கை தானாக நகர்ந்தது. ஒரு சுழி, ஒரு வளைவு, நேராக ஒரு கோடு. சிலேட்டில் பளிச்சென்று, அச்சடித்த மாதிரி, தமிழ் ‘அ’.

புரோகிதர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “இது என்ன எழுத்து?”

“எங்க எழுத்து. எனக்கு வங்காளம் எழுதத் தெரியாது.” அதோடு நிறுத்தியிருக்கலாம். கேட்காத கேள்விக்கும் பதில் சொல்வது என் சுபாவம். “படிக்கவும் தெரியாது.”

யாரோ சங்கு ஊதப்போனவர் பாதியில் நிறுத்தினார். மிதாலி என்னையே பார்த்தாள்.

“அப்போ கண்ல தண்ணி வந்தது?”

அவள் கண்ணில்தான் தண்ணீர் வந்தது. பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். புரோகிதர் நல்லவர். “எல்லா எழுத்தும் அம்மாவோடதுதான்” என்று சொல்லிவிட்டு, அழித்து வேறு எழுத சிலேட்டை வாங்கப் போனார். துதுல் தரவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு, “இது என்னோடது” என்று மறுபடி அலறினாள். கடைசியில் பக்கத்து வீட்டுப் பையனின் சிலேட்டில் வங்காள எழுத்தை எழுத வைத்தார்கள்.

மதியம் கிச்சுடி என்கிற பருப்புச் சாதப் பந்தியில் மிதாலிதான் கத்தரிக்காய் வறுவல் பரிமாறினாள். என் இலையைத் தாண்டிப் போய்விட்டாள். அதன்பிறகு பேச்சே இல்லை. மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்ப்பாள். இத்தனை நாளாக இந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே சிநேகிதி அவள்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

துதுலுக்கு இந்தச் சண்டையெல்லாம் தெரியாது. ஒருநாள் சாயங்காலம் சிலேட்டோடு மாடியேறி வந்தாள். “மாஷி, அடுத்த எழுத்து?”

“உங்க எழுத்து எனக்குத் தெரியாதே கண்ணு.”

அவள் என்னை ரொம்பப் பரிதாபமாகப் பார்த்தாள். பிறகு சப்பணமிட்டு உட்கார்ந்து, காலையில் அம்மா சொல்லிக்கொடுத்ததை எனக்கு எழுதிக் காட்டினாள். தினமும் அதே கதை. கீழே மிதாலி அவளுக்கு, மேலே அவள் எனக்கு. தப்பாக எழுதினால் கையில் அடிதான். இவர் சும்மா இருப்பாரா? “நான் படிக்கிறேன், அதை எப்படிச் சொல்லணும்னு நீ சொல்லு” என்று என்னிடம் சொல்லிக்கொண்டு அவரும் வந்து உட்கார்ந்துகொண்டார். மிதாலிக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் கொஞ்ச நாளில் துதுல் இரண்டு சாக்பீஸோடு வர ஆரம்பித்தாள்.

மழைக்காலம் வந்தபோது பழைய பூஜை மலர்களை எடுத்து, விரல் வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்து முடித்தேன். முடித்த கையோடு கீழே போய்க் கதவைத் தட்டினேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயிலிருந்து வந்தது வேறு.

“மிதாலி, எல்லாக் கவிதையிலயும் ஏன் மழையே பெய்யுது? போன வருஷத்துது நடுவுல ரொம்ப இழுக்குது. ஆனா அந்த மூடின டிராம் டிப்போ பத்தி எழுதினியே, அது ரொம்ப நல்லா இருக்கு.”

கதவை முகத்தில் சாத்தப்போகிறாள் என்று ஒரு அடி பின்னால் வைத்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்தவே முடியவில்லை.

“இத்தன வருஷத்துல என் கவிதைய நெஜமாவே ஒருத்தர் படிச்சிருக்காங்க” என்றாள். “உள்ள வாங்க உமா-தி. டீ போடறேன். எங்க இழுக்குதுன்னு சொல்லுங்க.”

துதுல் இப்போது பெரிய வகுப்புக்குப் போய்விட்டாள். என்னை ‘என் கிளாஸ்மேட்’ என்று சொல்லித்தான் தன் தோழிகளுக்கு அறிமுகப்படுத்துகிறாள். எந்தப் புதுப் புத்தகம் வாங்கினாலும் முதல் பக்க மூலையில் ஒரு தமிழ் ‘அ’ போடுகிறாள், பரீட்சைக்கு ராசியாம். எங்கள் வீட்டிலோ யாரும் எதையும் நிம்மதியாகப் பாராட்ட முடிவதில்லை. போன வாரம் இவர் ரசம் வைத்தார். “பிரமாதம்” என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “குடிச்சிட்டுச் சொல்றியா, கண்ல தண்ணி வந்துடுச்சா?”