உறை மாறாமல் அனுப்ப வேண்டிய இரண்டு கடிதங்கள்

சிவமயம்

அரியாலை,
18.02.2025

பேரன்புக்குரிய மச்சான் ஏரம்பமூர்த்தி அவர்களுக்கு,

உங்கள் தங்கை குணலட்சுமியின் கணவன் இராசநாயகம் எழுதிக்கொள்வது. என் கழுத்தையும் எங்கள் குசினிக் கூரையையும் தவிர இங்கே எல்லாம் சுகம். ரொறன்ரோவில் பனி முழங்கால்மட்டும் என்று கேள்விப்பட்டோம். நீங்களும் பிள்ளைகளும் வழுக்கி விழாமலிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறோம். வட்ஸ்அப் இருக்க இந்த மனுசன் ஏன் தாளில் எழுதுகிறார் என்று யோசிப்பீர்கள். என் ரெலிபோனைக் குணமும் பார்ப்பா. காரணம் அவ்வளவுதான்.

மச்சான், முதலில் ஒரு விடயத்தை உங்களுக்கு அறியத் தரவேண்டும். கடந்த ஒன்பது வருடங்களில் நீங்கள் எனக்கு மூன்று கமெராக்களும் ஏழு லென்சுகளும் இரண்டு முக்காலிகளும் அன்பளிப்பாக அனுப்பியிருக்கிறீர்கள். பதறவேண்டாம், உங்களுக்கு ஒரு சதமும் செலவில்லை. எல்லாம் என் காசு. நில அளவைக் கந்தோரில் முப்பத்துநாலு வருடம் படம் வரைந்து ஓய்வுபெற்ற வருடம், இங்கே கடனீரேரிக்குப் பூநாரைகள் வந்திறங்கின. படம் எடுக்க ஆசைப்பட்டேன். அந்தக் கிழமைதான் குணம் குசினிக் கூரைக்குப் புதுச் சீற் போடச் சொல்லிக் கேட்டா. "பென்சன் காசிலை உதெல்லாம் ஏலுமோ?" என்று சொல்லிவிட்டேன். அவ ஒழுக்குக்கு வாளி வைத்த மூன்றாம் நாள் ஒரு இலட்சத்து எண்பதாயிரம் ரூபா லென்சோடு நான் படலையைத் திறந்தேன். "உதென்ன பெட்டி?" என்று கேட்டா. என் வாயில் வந்தது உங்கள் பெயர். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அதன்பிறகு நிற்பாட்ட முடியவில்லை. சாமான்களைக் கொழும்பிலிருந்து எடுப்பித்து, ரவுணில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் பார்த்தீபன் கடையில் வைத்துப் புதுத் தாள் சுற்றி, அனுப்புநர் என்று உங்கள் பெயரை எழுதிக் கொண்டுவருவேன். என் கையெழுத்து ஊருக்கே தெரிந்த கையெழுத்தாகையால் இடக்கையால் எழுதினேன். குணம் அதைப் பார்த்து, "அண்ணையின்ரை எழுத்து என்ன இப்பிடிக் கோணிப்போச்சு? குளிரிலை கை விறைச்சிட்டுதுபோலை, பாவம்" என்று சொல்லி, உங்கள் கைக்காகக் கோயிலில் அருச்சனை செய்வித்தா. நானும் கூட நின்று கும்பிட்டேன். "உம்மடை அண்ணை கூச்சக்காரர், நன்றி சொன்னால் பிறகு அனுப்பமாட்டார்" என்று அவவின் வாயையும் கட்டிவைத்தேன். நன்றியாகத் தையிலும் ஆடியிலும் அவ உங்களுக்கு அனுப்பிய மிளகாய்த்தூள், ஒடியல்மா, பனங்கட்டிப் பாசல்களுக்கெல்லாம் மறுபேச்சின்றிக் காசு கொடுத்தேன். அவை நன்றாக இருந்தனவா என்று நீங்கள் ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்டால் அண்ணை கூச்சப்படுவார் என்று குணமும் என்னைத் தடுத்துப்போடுவா. அதுபோகட்டும். பொய்க்குக் கொடுத்தது போதாதென்று நீங்கள் மெய்யாகவே நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த ஆட்களிடம் தங்கைக்குப் பவுண் காப்புக் கொடுத்துவிட்டது என்னை நாணவைத்தது. 2019இல் ஒரு கைக்கு, 2023இல் மற்றக் கைக்கு. இடையில் நாலு வருடம் அவ ஒற்றைக் காப்போடு திரிந்தா. உங்களுக்கு வீட்டுக் கடன் நெருக்கமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, கதைக்கு வருகிறேன். சென்ற வருடம் என் கழுத்து எலும்பு தேய்ந்துபோனதென்றும், இனி அந்தப் பாரத்தைத் தூக்கக்கூடாதென்றும் டொக்டர் சொல்லிவிட்டார். பார்த்தீபன் எல்லாவற்றையும் படம்பிடித்து இன்ரநெற்றில் விற்பனைக்குப் போட்டான். அளவெட்டியிலிருந்து கலியாண வீடியோ எடுக்கும் ஜெயசுதன் என்பவர் வந்து, எங்கள் மாமரத்தை நாற்பது படம் எடுத்துப் பார்த்து, மாங்காய் ஆறும் பிடுங்கிக்கொண்டு, சொன்ன விலையில் பாதிக்குப் பெரிய லென்சை வாங்கிப்போனார். மற்றவர்களும் அப்படித்தான். பதினொரு இலட்சத்து நாற்பதாயிரத்துக்கு வாங்கியது ஆறு இலட்சத்துப் பதினையாயிரத்துக்குப் போனது. குணம் மட்டும், "சும்மா வந்த சாமானுக்கு ஆறு லட்சமோ!" என்று பூரித்துப்போனா.

அந்த நேரம் பார்த்து எல்லோரும் வரி இலக்கம் எடுக்கவேண்டும் என்ற கதை வந்தது. விண்ணப்பத்தில் 'வேறு வருமானம்' என்று ஒரு பெட்டி. "அதை விட்டிட்டுப் போங்கோ, அண்ணை" என்றான் பார்த்தீபன். முப்பத்துநாலு வருட அரசாங்க உத்தியோகத்தில் நான் ஒரு பெட்டியையும் வெறுமையாக விட்டதில்லை. ஆறு இலட்சத்துப் பதினையாயிரம், பாவித்த கமெராச் சாமான், இன்ரநெற் மூலம் என்று முத்துமுத்தாக எழுதினேன். வரிக் கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். குணமும் சீலை மாற்றிக்கொண்டு கூடவே வந்தா.

அங்கே தர்சினி என்று ஒரு பிள்ளை, நல்ல மரியாதை. "ஐயா, இதுக்கேன் பயப்பிடுறியள்? உங்கடை சொந்தப் பாவனைச் சாமானை வாங்கின விலையை விடக் குறைச்சு வித்தால் இலாபம் எங்கை இருக்கு? வாங்கின பில்லைக் காட்டினால் காணும்" என்றா. எனக்கு உயிர் வந்தது. வந்த உயிர் உட்காருவதற்குள் குணம் முன்னுக்குச் சாய்ந்து, "பில்லோ? அதெங்கை, பிள்ளை! எல்லாம் என்ரை அண்ணை கனடாவிலை இருந்து சும்மா அனுப்பினது. ஒரு சதம் செலவில்லை. என்னங்கோ?" என்று என்னைப் பார்த்தா.

அந்தப் பிள்ளையும் என்னைப் பார்த்தா. நான் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன்.

"அப்ப வாங்கின விலை சைபர் எண்டெல்லோ ஆகுது, ஐயா. அனுப்பினவரிட்டை ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு வாங்கோ, என்ன சாமான், என்ன பெறுமதி எண்டு. பாப்பம்" என்றா. இரண்டு மாதத் தவணை கேட்டுக்கொண்டு எழும்பினேன். வரும் வழி முழுக்கக் குணம் எனக்குப் பத்தடி முன்னால் விறுவிறென்று நடந்தா. வெயிலாக்கும் என்று நினைத்தேன்.

மச்சான், என் நிலையை யோசித்துப் பாருங்கள். வாங்கின பில்லுகளையும் களவாகத் தேடிப் பார்த்தேன், ஒன்றையும் காணோம். உண்மையைச் சொன்னால் வரி இல்லை, பெண்சாதி இல்லை. பொய்யைச் சொன்னால் பெண்சாதி உண்டு, வரியும் உண்டு. வரியைக்கூடக் கட்டிவிடுவேன். ஒன்பது மாரி அந்தக் குசினியில் வாளி வைத்தவவின் முகத்தைப் பார்த்து, பதினொரு இலட்சத்தைப் பூநாரையின் பின்பக்கத்துக்குச் செலவழித்தேன் என்று சொல்ல என்னால் முடியாது. ஆகையால் தயவுசெய்து இரண்டு கடிதங்கள் எழுதி அனுப்புங்கள். ஒன்று வரிக் கந்தோருக்கு: நான் இவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, எல்லாம் இவர் தன் காசில் வாங்கியது என்று. மற்றது உங்கள் தங்கைக்கு: எல்லாம் நான்தான் கொடுத்தேன் என்று. முதலாவதைப் பார்த்தீபன் கடை விலாசத்துக்கும் இரண்டாவதை வீட்டுக்கும் போடவும். காலைப் பிடித்துக் கேட்கிறேன், உறை மட்டும் மாறக்கூடாது.

மச்சாளுக்கு எங்கள் அன்பைச் சொல்லவும். பிள்ளைகளுக்குப் படிப்பும் சுகமும் குறையாமல் நல்லூரான் துணை நிற்பானாக.

தங்கள் மைத்துனன்,
க. இராசநாயகம்

பி.கு: மேலே எழுதியவற்றில் தேதியையும் மச்சாளுக்குச் சொன்ன அன்பையும் தவிர மற்றெல்லாவற்றையும் மறந்துவிடவும். கடிதத்தை மடித்துக்கொண்டிருக்கும்போது குணம் மா போட்டுவைக்கும் தகர ரின் ஒன்றோடு வந்து முன்னால் இருந்தா. உள்ளே ஒன்பது வருடப் பில்லுகளும் வருடவாரியாகப் பின் அடித்துக் கிடந்தன. சட்டை தோய்க்கும்போது பொக்கற்றில் எடுத்தவையாம். தவறித் தோய்த்த இரண்டை ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்தியும் வைத்திருக்கிறா. போன செவ்வாய்க்கிழமை தனியப் போய்த் தர்சினியிடம் காட்டிவிட்டாவாம். ஒரு சதமும் கட்டத் தேவையில்லையாம்.

"எல்லாம் தெரிஞ்சுகொண்டு ஏனப்பா அங்கை அப்பிடிச் சொன்னனீர்?" என்று கேட்டேன்.

"இப்பவாவது நீங்கள் வாய் திறக்கிறியளோ எண்டு பாத்தனான்" என்றா. கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். பிறகு இரண்டு கையையும் நீட்டிக் காப்புகளைக் காட்டி, "உது பாசல் காசு" என்றா.

ஆகவே, மச்சான், நீங்கள் எங்களுக்கு ஒன்றும் தரவில்லை, நாங்களும் உங்களுக்கு ஒன்றும் அனுப்பவில்லை என்பது நேற்றுப் பின்னேரம் நாலு மணியளவில் தெளிவாகிவிட்டது. நான் வாங்கியதெல்லாம் பாதி விலைக்குப் போக, அவ வாங்கிய பவுண் மாத்திரம் பல மடங்கு ஏறியிருக்கிறது. ஆறு இலட்சமும் குசினிக் கூரைக்கென்று தீர்ப்பாகி, மேசன் வந்து அளந்துகொண்டு நிற்கிறார். மிளகாய்த்தூள் இந்தமுறை மெய்யாகவே வருகிறது, கிடைத்ததும் அறிவிக்கவும். நானே கொண்டுபோய்ப் பாசலைப் பதிந்தேன். பற்றுச்சீட்டைக் குணம் வாங்கி ரின்னுக்குள் வைத்துவிட்டா.