காலி பஸ்ஸை நிரப்பிய வரலாறு

ஊர் தானாக வளர்கிறது என்று நினைக்கும் அப்பாவிகள், எங்கள் ‘ஆரணி வட்டாரப் பொருளாதார வளர்ச்சிக் குழு’வின் கூட்டத்துக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். ஆரணி, களம்பூர், செய்யாறு மூன்றையும் ஒரே மூச்சில் வளர்ப்பவர்கள் நாங்கள். குழுவின் செயலாளன் என்ற முறையில் பக்கோடா வரவழைப்பதும் தீர்மானம் எழுதுவதும் என் பொறுப்பு.

ஆரணியிலிருந்து செய்யாறு தொழிற்பேட்டைக்குக் காலை ஆறரை மணி பஸ் விட்டது எங்கள் முதல் சாதனை. ‘நகரையும் வேலையையும் இணைக்கும்’ அந்த பஸ்ஸை நெசவாளர் தெரு வழியாக விட்டோம். ஊரிலேயே நீளமான, நேரான தெரு அது. ஏன் அவ்வளவு நேராக இருக்கிறது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

மறுவாரமே விருத்தாம்பாள் என்ற நெசவாளி கூட்டத்துக்கு வந்துவிட்டார்.

“தறியில ஏத்துறதுக்கு முன்னால பட்டு நூல தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழைய முடிச்சு போடணுங்க. பாவு நீட்டுறதுன்னு சொல்லுவோம். வெயில் ஏர்றதுக்குள்ள முடிக்கணும். நாங்க நீட்டிகினு இருக்கும்போதே பஸ்சு வந்து நிக்குது. நேத்து ஜல்தியா சுருட்டப் போயி பாவு பூரா சிக்காயிடுச்சு. வேற தெருவுல உடுங்க.”

தலைவர் சிவப்பிரகாசம் அக்கறையோடு கேட்டார். “உங்க தெருவுல எத்தினி பேரும்மா பஸ்ல ஏர்றாங்க?”

“ஒருத்தரும் இல்லீங்க. வூட்டுக்கு வூடு தறி இருக்குது.”

தலைவரின் முகம் வாடிவிட்டது. பஸ் காலியாக ஓடினால் மேலிடத்துக்கு யார் பதில் சொல்வது?

“அப்போ பஸ்ஸுக்கு இடைஞ்சல் பாவுதான்.”

“பாவுக்குத்தாங்க பஸ்சு இடைஞ்சல்.”

“ரெண்டும் ஒண்ணுதாம்மா,” என்றார் தலைவர் பெருந்தன்மையாக.

‘பட்டு நகரின் வளர்ச்சியை முன்னிட்டு, காலை ஆறு முதல் எட்டு வரை தெருவில் நூல் கட்டத் தடை’ என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

“பாவு நீட்டாம எப்பிடீங்க நெய்யறது?”

“அது எங்க வரம்புல வராதும்மா. நாங்க வளர்ச்சி மட்டும்தான்.”

ஆறு மாதத்தில் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. போன திங்கட்கிழமை பஸ்ஸைப் பார்வையிடப் போனோம். நாற்பத்தெட்டு இருக்கையும் நிறைந்திருந்தது. டிபன் பாக்ஸோடு விருத்தாம்பாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பெனியில் அட்டைப் பெட்டி மடிக்கும் வேலையாம்.

“இப்போ பஸ் வசதியா இருக்குதாம்மா?”

“உக்கார எடமில்லீங்க.”

அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. தலைவரோ அங்கேயே இரண்டாவது பஸ்ஸை அறிவித்தார். ‘தெருவில் வேலையில்லாத அனைவருக்கும் வேலை’ என்று ஆண்டறிக்கையில் எழுதச் சொன்னார். எழுதினேன். அவர்களை வேலையில்லாதவர்கள் ஆக்கியதும் நாங்களேதான் என்ற பெரிய சாதனையை மட்டும், தன்னடக்கம் கருதி, விட்டுவிட்டேன்.