எல்லாரும் அமரரான மத்தியானம்

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் பிறகு மனிதகுலம் கண்டடைந்த மாபெரும் உண்மை 'மறுபயன்பாடு'. இதைப் பள்ளிக்கூட டீச்சரான எனக்கே போதித்தவர் என் கணவர் கோகுலராஜ். 2008இல் ஹட்டனில் இணையத்தளங்கள் செய்யும் ஒரு கம்பனியில் வேலை பார்த்தார். ஒருநாள் காலை, ரொட்டியைச் சம்பலில் தொட்டுக்கொண்டே சொன்னார்:

"ஒரே கோட்தான். எல்லா சைட்டுக்கும் அதையே மாட்டிவிடுறோம்."

"தொரைக்கும் கங்காணிக்கும் ஒரே கோட்டா? அளவு சரியா வருமாங்க?"

"ஒனக்குச் சொல்றதுக்கு மாட்டுக்குச் சொல்லலாம்."

சிரித்துக்கொண்டே கம்பனி மோட்டார் சைக்கிளில் ஏறி, நானுஓயாவில் ஒரு விடுதியின் கம்ப்யூட்டரைப் பார்க்க மழையில் போனார். லிந்துலை வளைவில் வண்டி நிற்கவில்லை.

அவருடைய கைபேசி என்னிடம் வந்தது. கம்பனித் தளத்தில் அவர் பெயரும் எண்ணும் அப்படியே இருந்ததால் அது ஓயாமல் அடித்தது.

"கோகுலராஜ் சேர் எப்ப வருவாங்க?"

அவர் பெயருக்கு முன் 'அமரர்' என்று போட்டு, எண்ணை எடுத்துவிடும்படி கேட்கக் கம்பனிக்குப் போனேன்.

முதலாளி சிதம்பரநாதன் கீழே துணிக்கடையும் மேலே தொழில்நுட்பமும் நடத்துபவர்.

"ஒரு நிமிஷ வேலைங்க, டீச்சர். எங்க சைட்டு எல்லாத்துலயும் பேரு வர்ற எடத்துக்கு ஒரே பெயர்ப்பெட்டி. அதுல ஒருவாட்டி மாத்துனா எல்லா எடத்துலயும் மாறிரும்."

கோட் எழுதும் கேஷிகா மெல்லச் சொன்னாள்: "அண்ணன் பேருல மட்டும் போட்டாப் போதுமே, சேர்."

"அது பழைய முறை. பெட்டியில போடு."

போட்டாள். மத்தியானத்துக்குள், அந்தத் தளங்களில் பெயரிருந்த மலைநாட்டின் பிரமுகர்கள் அனைவரும் அமரரானார்கள். கோயில் தர்மகர்த்தா வீட்டுக்கு மலர்வளையம் வந்தது. அவரே வாசலில் வாங்கி, யார் அனுப்பியது என்று விசாரித்தார். ஒரு விடுதியில் 'அமரர் ஆண்டியப்பனின் கைப்பக்குவம்' பரிமாறப்பட்டது. கல்யாணத் தளத்தில் 'அமரர்' மாப்பிள்ளைக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை என்றிருந்தது. அதில் மட்டும் பிழை காண முடியாது.

உடப்புசல்லாவையிலிருந்து ஒரு தோட்டத்துரை அழைத்தார்.

"நான் எப்ப செத்தேன்?"

"இது மரியாதைச் சொல்லுங்க, சேர்," என்றார் முதலாளி. "பெரியவங்களுக்கு மட்டும்தான் போடுவோம்."

செத்தவீட்டுக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன்.

கேஷிகா பெட்டியிலிருந்து அந்தச் சொல்லை எடுத்தாள். எல்லாரும் உயிர்த்தெழுந்தார்கள். என் கணவரும்தான்.

"அவருக்கு மட்டும் தனியாப் போடுங்க," என்றேன் முதலாளியிடம்.

"ஒருத்தருக்குனு தனியாக் கைவச்சா ஒழுங்கு கெட்டிரும். அப்புறம் சாவுற ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுதணும்."

"மனுசங்க தனித்தனியாத்தானே சாவுறாங்க?"

"அந்த வசதி இன்னும் வரலைங்க."

"நம்பரையாவது எடுங்க."

"எடுத்தா பெட்டி கோணிக்கிரும், டீச்சர்."

எண்ணை எடுக்கவில்லை; பெட்டியும் கோணவில்லை. ஒரு மாதம் கழித்துக் கைபேசி மறுபடி அடித்தது.

"நான் அழகன். கம்பனிக்குப் புதுசு. சைட்டுல கோகுலராஜ் அண்ணன் நம்பரைப் பாத்தேன். அவங்க ஓட்டுன பைக்கைத்தான் குடுத்திருக்காங்க. எறக்கத்துல பிரேக்கே புடிக்குதில்லை. அண்ணன் எப்படி ஓட்டுனாங்கனு கேட்டுச் சொல்றீங்களா?"

"எறங்கித் தள்ளிக்கிட்டுப் போங்க, தம்பி," என்றேன்.

வண்டியை நிமிர்த்தி, சிவப்புச் சாயம் பூசிக் கொடுத்திருக்கிறார்களாம். சாயம் புதிது. ஆள் புதிது. பிரேக் மட்டும் அதே.