ஜப்பானுக்கு நான் கொடுத்த ஐந்து ஆண்டுகள்

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் கார் வைத்திருப்பவர்கள் ஏராளம். காரோடு குடித்தனம் நடத்தியவர் ஜப்பான் ஒருவர்தான்.

தேக்கா சந்தையின் மாடியில் தையல் கடை வைத்திருந்தார். குடியிருந்தது எங்கள் அடுக்குமாடி புளோக்கில். மனைவி இறந்த பிறகு, ஐம்பத்தெட்டாவது வயதில், ஜப்பானிலிருந்து இறக்குமதியான இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். அதில் வழி சொல்லும் பெண்குரலுக்கு ஜப்பானிய மொழி தவிர வேறெதுவும் தெரியாது. இவர் அதற்குத் தமிழில் பதில் சொல்வார். பெயர் வந்தது அப்படித்தான்.

"அந்தம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும் சார்? ஆனா கோவப்படாம சொல்றாங்க லா."

ஞாயிறுதோறும் என்னைத் தேக்காவுக்கு அழைத்துப் போவார். விமானம்போல் உறுமும் அந்த வண்டியை, சிராங்கூன் சாலை நெரிசலில் வாழையிலைக் கட்டு சுமந்த கிழவர் ஒருவர் நடந்தே முந்திப் போனார். வேகத்தடை வந்தால் அடிப்பாகம் தட்டும். "சார், ஒரு நிமிஷம் இறங்குங்க, உங்க வெயிட்டு தாங்காது" என்பார். நான் இறங்கி நடந்து, தடைக்கு அப்பால் மறுபடி ஏறுவேன். உள்ளேயும் இடமில்லை. கியர் மாற்றும்போதெல்லாம் அவர் கை என் வலது முட்டியில் இடிக்கும். "காலை நகர்த்துங்க சார்!" "எங்கே நகர்த்த, கூரைமேலயா?" பத்து ஆண்டுகள் இதே சண்டை.

இந்த ஊரில் கார் மட்டும் வாங்கினால் போதாது; அதை வைத்திருக்கும் உரிமையையும் வாங்க வேண்டும். அதன் ஆயுள் பத்து ஆண்டுகள். அதற்குப் பிறகு இன்னொரு பத்து ஆண்டுகளுக்கு நீட்டிக்கலாம், அல்லது ஐந்துக்கு. ஐந்து என்றால் அத்தோடு முடிந்தது, மறு நீட்டிப்பு கிடையாது, வண்டியை உடைக்கக் கொடுத்துவிட வேண்டும். அரசாங்க வேலையில் படிவங்களோடு முப்பது வருடம் வாழ்ந்தவன் நான். என்னிடம்தான் வந்தார்.

"பத்து போடவா சார், அஞ்சு போடவா?"

"உங்களுக்கு அறுபத்தெட்டு. அஞ்சு போதும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நீங்க எங்க ஓட்டப் போறீங்க? கண்ணு தெரியணுமே, முட்டி மடங்கணுமே."

விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். ஒரு பிழை இல்லை.

எழுபத்து மூன்றாவது வயதில் ஜப்பான், மருத்துவப் பரிசோதனையில் கண்ணாடி இல்லாமல் கடைசி வரிவரை வாசித்தார். மாடிப்படி ஏறினால் எனக்குத்தான் மூச்சு வாங்கியது. அறுவை சிகிச்சை நடந்தது என் வலது முட்டியில். ஐந்து ஆண்டுகள் முடிந்தன. ஏதாவது விதிவிலக்கு இருக்குமா என்று விதிகளை மூன்று முறை படித்தேன். இல்லை என்று எனக்கு முன்பே தெரியும்.

"சாரி சார்," என்றார். "உங்க கணக்குப்படி நான் இந்நேரம் போயிருக்கணும்."

வண்டியை உடைக்கும் இடத்துக்கு நானும் போனேன். வழியில் வேகத்தடைகளில் அவர் என்னை இறங்கச் சொல்லவில்லை. அடிப்பாகம் தட்டியது, தட்டட்டும் என்று விட்டுவிட்டார். சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தபோது அந்தப் பெண்குரல் ஏதோ சொன்னது.

"வரேம்மா," என்றார் ஜப்பான்.

இப்போது பேருந்தில் தேக்காவுக்குப் போகிறோம். அவருக்கு இடப்பக்கம் நான். வளைவு வந்தால் போதும், அவர் கை தானாக வந்து என் முட்டியில் இடிக்கும். அறுவை செய்த முட்டி, வலிக்கத்தான் செய்கிறது. பக்கத்தில் தாராளமாக இடம் இருக்கிறது. நான் காலை நகர்த்துவதில்லை.