இன்பத்துக்குக் கட்டிய நாடிக்கட்டு

மகா கனம் பொருந்திய மச்சான் தேவஇரக்கம் அவர்களுக்கு, இராஜபாளையத்திலிருந்து தங்கள் தங்கை புருஷன் பொன்னுராஜ் தோத்திரத்தோடு எழுதிக்கொண்டது. கர்த்தர் கிருபையால் இவ்விடத்தில் நானும் அமிர்தவல்லியும் சுகம். மகள் இன்பமும் சுகம். உயிரோடு சுகம். இதை முதலிலேயே எழுதக் காரணம், நேற்றுக் கடைசி பஸ்ஸில் எதிர்வீட்டு உக்கிரபாண்டி வந்து தங்களிடம் வேறுவிதமாகச் சொல்லியிருப்பான். நல்ல மனுஷன்தான். ஆனால் பார்த்துவிட்டு ஓடுகிறவன் அல்ல, ஓடிவிட்டுப் பார்க்கிறவன்.

கிறிஸ்மஸுக்கு வந்திருந்தபோது, "எந்நேரமும் வாயப் பொளந்துக்கிட்டே இருக்கா, பாடமும் ஏற மாட்டேங்கு. மந்தம்! பள்ளிக்கூடத்த நிப்பாட்டி எங்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்புங்க, தையல் படிக்கட்டும்" என்று சொன்னீர்கள். தாய்மாமன் சொல்லாயிற்றே, ஈஸ்டர் கழிந்து அனுப்புவதாக நானும் தலையாட்டினேன். அன்று அமிர்தவல்லி அடுப்படியில் அழுதது தங்களுக்குத் தெரியாது.

பிறகுதான் புதிதாக வந்த ஏசம்மாள் டீச்சர் வீடு தேடி வந்து, "புள்ள மந்தமில்லங்கய்யா. வாயால மூச்சு விடுதா. ராத்திரி சரியாத் தூங்காம வகுப்புல சொக்குதா. மொதல்ல டாக்டர்ட்ட மூக்கக் காட்டுங்க" என்றார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, அடைப்பு ஒன்றுமில்லை, எப்போதோ பிடித்த சளி போய்விட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது என்றார். அதற்கு டீச்சர் சொன்ன வைத்தியத்தைக் கேளுங்கள். ஒரு வாய்த் தண்ணீரை விழுங்காமல் துப்பாமல் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம்வரை நடக்க வேண்டும், அவ்வளவுதான். இன்பத்துக்கு மட்டுமல்ல, வகுப்புக்கே. மச்சான், அந்தக் காட்சியைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். கன்னம் உப்பிய பிள்ளைகள் வரிசையாகப் போகிறார்கள், தெருவில் ஒரு சத்தமில்லை. ராஜுக்கள் வீட்டு அம்மாள் பயந்துபோய் வாசலில் நின்று, "ஏமாயிந்தி, ஏமாயிந்தி?" என்று, என்ன ஆயிற்றென்று தெலுங்கில் ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்கிறார், ஒன்றும் வாய் திறக்கவில்லை. டீச்சருக்கு மரியாதையாக நான் தொப்பியைக் கழற்றிவிட்டேன்.

கொஞ்ச நாளில் இன்பம் வகுப்பில் தூங்குவதை விட்டாள். வாய்ப்பாடு தடதடவென்று வருகிறது. ஒருநாள் அவள் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தேன், இளஞ்சூடாகக் காற்று வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தறிக்கொட்டகையில் பஞ்சுத் தூசியைத் தடுக்க நானும் ஜன்னலுக்கு ஜன்னல் துணி கட்டிப் பார்த்துத் தோற்றவன். ஆண்டவரோ சின்னதாக இரண்டு துவாரம் வைத்து, உள்ளே தூசி பிடிக்க மயிர் வைத்து, காற்றுக்கு ஈரமும் சூடும் வைத்து, அதை எல்லாருக்கும் முகத்தின் நடுவிலேயே வைத்திருக்கிறார், நாமோ அதைச் சிந்துவதற்கு மட்டும் வைத்திருக்கிறோம்!

வியந்ததோடு நான் நின்றிருக்கலாம். நேற்று மாலை ஆராதனை முடிந்து வந்து இன்பம் கண்ணயர்ந்தாள், வாய் மறுபடி திறந்துகொண்டது. நானோ, சண்டையில் காயம்பட்டவர்களுக்குப் போகிற பேண்டேஜ் துணி நெய்கிற கொட்டகைக்கு மேஸ்திரி. விரல் நறுக்கினாலும் தலை வலித்தாலும் முருங்கைக் கிளை ஒடிந்தாலும் எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். நல்ல வெள்ளைத் துணியாக எடுத்து, நாடிக்கடியில் மோவாயை ஏந்தினாற்போல் கொடுத்து, உச்சந்தலையில் பூப்போல ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு வெற்றிலை வாங்கப் போனேன். சல்லடை கேட்க வந்த பக்கத்து வீட்டு வேலுத்தாய் பார்த்திருக்கிறாள். வெள்ளைத் துணியால் நாடியைக் கட்டி, கையை நெஞ்சில் வைத்து, அசையாமல் ஒரு பிள்ளை கிடந்தால் நம் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தானே? "ஐயோ, என் கண்ணே போயிட்டியா!" என்று வைத்தாள் ஒப்பாரி. தெருவே கூடிவிட்டது. உக்கிரபாண்டி பஸ்ஸுக்கு ஓடியது அப்போதுதான். நான் ஓடி வந்து நுழையவும் இன்பம் எழுந்து உட்காரவும் சரியாக இருந்தது. முன்வரிசைப் பெண்கள் பின்வரிசைமேல் விழுந்தார்கள். உபதேசியார் முழங்காலில் நின்று அல்லேலூயா சொன்னார். அவர் முகத்தைப் பார்த்து எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

ஏசம்மாள் டீச்சர்தான் கட்டை அவிழ்த்தார்கள். "பழக்கத்தச் சொல்லிக் குடுங்கன்னா வாயக் கட்டுதீகளே! சளி புடிச்சு மூக்கும் அடைச்சிருந்தா என்னத்துக்காவது?" என்று தெரு பார்க்க என்னை ஏசினார்கள். ஏசட்டும், தகும்.

ஆகையால் மச்சான், தாங்கள் அழ வேண்டாம், புறப்படவும் வேண்டாம். ஒன்றை மட்டும் காலில் விழுந்து கேட்கிறேன். என் மகள் மந்தமில்லை. அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தச் சொல்லாதீர்கள். அக்காளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. ஆண்டவர் தங்கள் நாசியில் ஊதிய சுவாசம் நெடுங்காலம் நிலைக்கட்டும்.

இப்படிக்கு,
பொன்னுராஜ்

பின்குறிப்பு: இதைக் காலை பஸ் கண்டக்டரிடம் கொடுக்கப் போனேன். அதே பஸ்ஸிலிருந்து தாங்கள் மலர்வளையத்தோடு அழுதுகொண்டே இறங்கினீர்கள். எழுதியது வீணாகக் கூடாதென்று, தாங்கள் உள்ளே இட்லி சாப்பிடுகிற நேரத்தில் நடந்ததையும் எழுதி, கையிலேயே தருகிறேன். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய இன்பம் கன்னம் உப்ப எதிரே வந்தாள். தாங்கள் பிளந்த வாய் மூடாமல் நின்றீர்கள். அவள் தண்ணீரை ஓரமாகத் துப்பிவிட்டு, "மாமா, வாய மூடுங்க. மூக்கால மூச்சு விடுங்க" என்றாள். தாங்கள் மூடினீர்கள். பிறகு அவள் தனக்கு வந்த வளையம் என்று தெரியாமல் அதில் முகம் புதைத்து ஆழமாக மூச்சிழுத்து, "சம்பங்கியா மாமா?" என்று கேட்டாள். அவள் பூ வாசம் கண்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் தெருவென்றும் பாராமல் அழுதுகொண்டு நின்றேன். தாங்கள்தான் என் தோளைப் பிடித்துத் தள்ளி, "என்ன மாப்பிள்ள, நடுவழியில நிக்கீரு? புள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகுதுல்லா, வழிய விடும்" என்றீர்கள்.