நல்வரவு, வெள்ளம் இதுவரை வரும்

புதிதாகப் படிப்பை முடித்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் கையில் பெயிண்ட் டப்பாவைக் கொடுக்கக் கூடாது. எங்கள் வீட்டில் கொடுத்தார்கள்.

நான் படித்தது நகரமைப்பு. வலங்கைமான் பக்கம், ஆற்றுக்கும் வடிகால் வாய்க்காலுக்கும் நடுவே இருக்கிறது எங்கள் தெரு. அதுவரை வெறும் தெருவாக இருந்தது, படித்த பிறகு வெள்ளச் சமவெளியாகத் தெரிந்தது. வடிகாலை ஒட்டி வீடு கட்டக் கூடாது, கட்டிவிட்டவர்கள் வெள்ளக் காப்பீடாவது எடுக்க வேண்டும். இதைக் கிராம சபையில் பேசி ஊரைத் திருத்துவதாக இருந்தேன். (ஊர் என்னைக் கேட்கவில்லை.)

சொன்னால் நம்பமாட்டார்கள், காட்ட வேண்டும். பள்ளிக்கூடச் சுவரில் பழைய வெள்ளத்தின் கறை இன்னும் இருக்கிறது. கொத்தனார்கள் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கிற டியூப் லெவலை இரவல் வாங்கி, அந்த மட்டத்தைத் தெரு முழுக்க இழுத்துக்கொண்டு போய், வீட்டுக்கு வீடு நீலக்கோடு போட்டேன். எங்கள் வீட்டில் கோடு நெஞ்சு உயரத்தில், வாசல் சுவரில் 'நல்வரவு' என்று பதித்திருந்த டைல்ஸுக்குச் சரியாகக் கீழே வந்தது. அதனடியில் 'வெள்ளம் இதுவரை வரும்' என்று எழுதினேன். அன்றைக்கு அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதால் எங்கள் வீட்டுக்கு மட்டும் இரண்டு கோட்டிங்.

மாப்பிள்ளைக்கு சிங்கப்பூரில் வேலை. போனில் பேசிப் பேசியே அக்காவுக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது. எனக்கு அவள் இட்ட கட்டளை ஒன்றுதான்: "மதி, நீ வாயத் தொறக்காம இருந்தா போதும்டி."

கார் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா வேளாங்கண்ணிப் பக்கம் கடைமடை விவசாயி. வாசலிலேயே நின்று 'நல்வரவு' படித்தார். அதற்குக் கீழேயும் படித்தார். அப்பாவுக்கு வேர்த்துவிட்டது.

"இம்மாந்தண்ணி வருமா உங்க ஊருக்கு?" குரலில் பயம் இல்லை. பொறாமை! "எங்க வாய்க்கால்ல கணுக்கால் நனையறதே பெரும்பாடுங்க."

அப்பா சட்டென்று பிடித்துக்கொண்டார். "தண்ணிக்கு மட்டும் நம்ம ஊர்ல கொறையே கெடையாதுங்க, சம்பந்தி."

கேசரி வருவதற்கு முன்பே சம்பந்தி! மாப்பிள்ளை தன் அம்மா கையிலிருந்த போனில், வீடியோ காலில் சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா தலை குனிந்து நின்றாள். எல்லாம் கூடி வந்துவிட்டது. வெள்ளத்தைப் போய்ப் பாசனம் என்று நினைத்துவிட்டாரே என்று எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"இல்லைங்க மாமா, அது ஆபத்து. விதிப்படி பாத்தா இந்த வீடே இங்க இருக்கக் கூடாது. இன்ஷூரன்ஸும் கெடையாது. அப்பாகிட்ட சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன்."

கூடத்தில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். (ஆர்வமாகக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன்.)

"அப்ப எங்க புள்ள வாங்கிப் போட்ட எடம்?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "எங்க வயலுக்குப் பக்கத்துலதான். வடிகால் ஓரம், நல்லா காத்து வரும்."

"அது மனையே இல்லைங்க அத்தை, தண்ணி படுக்குற எடம். அங்க நீங்க போய்ப் படுத்தா தண்ணி எங்க போவும்?"

மாமா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "ஒரு பொண்ணப் பாக்க வந்தா, இன்னொரு பொண்ணு கட்டுன வீட்டையும் கட்டாத வீட்டையும் இடிக்கச் சொல்லுது. வா, போவலாம்."

கேசரி தொடாமல் கிடந்தது. அக்கா என்னைத் திட்டவில்லை. மிச்சமிருந்த நீலப் பெயிண்டை எடுத்து, என் பட்டமளிப்பு போட்டோவில் மூக்குக்கு மேலே ஒரு கோடு போட்டாள்.

சாயங்காலம் சிங்கப்பூரிலிருந்து போன். அழுதுகொண்டே எடுத்தாள். அவர் கேட்டது: "ஒங்க தங்கச்சிகிட்ட கேளேன், பேஸ்மென்ட்ட எவ்வளவு ஒசத்தணும்?"

கட்டாதீர்கள் என்று நான் சொன்னது, கடல் தாண்டியதும் உயர்த்திக் கட்டுங்கள் என்று ஆகியிருந்தது. திருத்த வாயைத் திறந்தேன். அக்கா பார்த்தாள்.

"இடுப்பு ஒசரம்," என்றேன். "இன்ஷூரன்ஸ் எடுத்துரச் சொல்லு."

கல்யாணம் நடந்தது. மனையில் லோடு லோடாக மண் அடித்து, கோயில் மாதிரி படி வைத்து வீடு கட்டினார்கள். முட்டி வலிக்காரரான அத்தை படிக்கு ஒரு தரம் என்னை நினைத்துக்கொள்கிறார்.

போன கார்த்திகையில் வடிகால் பொங்கியது. அவர்கள் புது வீட்டில் பாதிப் படியோடு தண்ணீர் நின்றுவிட்டது. பெருமை தாங்காமல் மாமாவுக்கு நானே போன் செய்தேன்.

"வீடு நனையலம்மா," என்றார். "மனைய மேடாக்கிட்டோமா, தண்ணிக்கு எடமில்லாம அவ்வளவும் நம்ம வயல்ல எறங்கிடுச்சு. சம்பாப் பயிரு மொத்தமும் முழுகிக் கெடக்கு. நனையாத வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு. வயலுக்கு இல்ல."

தண்ணி எங்க போவும் என்று அன்றைக்கு நான் கேட்ட கேள்விக்கு, மாமா பதில் சொல்லிவிட்டார்.

இப்போதும் குடும்பம் கூடுகிற இடத்தில், "மாமா, ஒரு யோசனை..." என்று நான் ஆரம்பித்தால் போதும். துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்.

"இரும்மா, மொதல்ல ஒரு இன்ஷூரன்ஸ் எடுத்துட்டு வந்துடறேன். அப்புறம் சொல்லு."