பதினெட்டு வயலின்காரர்கள் நிரந்தரமான கதை

இந்தக் கதையை நாலு வருடமாக நான் முழுதாக நம்பவில்லை. சொன்னவர் பொய் சொல்லும் ஆள் அல்ல. செல்லப்பாண்டி அண்ணன் தேனியில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருந்தவர். பொய் சொல்ல வேண்டியிருந்தாலும் மேலிடத்தில் அனுமதி வாங்கிக்கொண்டுதான் சொல்வார். கதையில் ஆளே இல்லாத பதினெட்டுப் பேர் வருகிறார்கள். அவர்களுக்கு மெமோ போகிறது, விசாரணை நடக்கிறது, வேலை நிரந்தரமாகிறது. அதையெல்லாம் கேட்ட அன்றைக்கே நம்பிவிட்டேன். என் சந்தேகம் வேறொரு சின்ன விஷயத்தில். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அண்ணன் வேலை பார்த்தது மாவட்ட விழா ஒலி ஒழுங்கமைவு அலுவலகத்தில். அரசு விழாக்களில் என்ன சத்தம் வரலாம், எவ்வளவு நேரம் வரலாம், மேடைக்கு எந்தப் பக்கத்திலிருந்து வரலாம் என்று தீர்மானிக்கிற இடம் அது. சத்தத்துக்கான அலுவலகம் என்பதால் உள்ளே ஒரு சத்தமும் இருக்காது. துணை இயக்குநர் விஜயகுமாரின் மேசையில் உள்ள காலிங் பெல் மட்டும் பேசும். அதன் வயர் சுவரோடு ஓடி வந்து ஹாலில் முடியும். அவர் ஒரு தடவை அமுக்கினால் போதும். பியூன் ராக்கப்பன் கதவைத் திறப்பார். செல்லப்பாண்டி அண்ணன் எழுந்து பேனாவை எடுப்பார். கண்காணிப்பாளர் ஹேமாவதி அம்மா கோப்பின் நாடாவை அவிழ்ப்பார். முன்பின் மாறாது.

கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் அப்போது ஒரு மோகம் பிடித்து ஆட்டியது. எந்த விசேஷமானாலும் வெள்ளைக்காரர்கள் கூட்டமாக வாசிக்கிற வயலின் இசை ஸ்பீக்கரில் முழங்க வேண்டும். கோம்பையில் ஒரு காதுகுத்து. ஆசாரி ஊசியை எடுத்ததும் குதிரைப்படை பாய்வதுபோல் இசை பாய்ந்தது. பிள்ளை ஊசிக்கு அழவில்லை, வயலினுக்கு அழுதது. வருசநாட்டில் ஒருவர் புது ஆட்டுக் கொட்டகை திறந்தார். ஆடுகள் நுழையும்போது ஒரு சக்கரவர்த்தி நுழைகிற இசை. ஆடுகள் ரெண்டு நாள் உள்ளே போகவில்லை. நாயனமும் மேளமும் வைத்த வீட்டுக்காரர்களைப் பார்த்து, "ஏன், கொஞ்சம் பணமுடையா?" என்று ஊரார் பரிவோடு விசாரித்தார்கள்.

தனியாருக்கு வந்த மோகம் அரசுக்கு வராமல் இருக்குமா? கம்பத்தில் நடக்கவிருந்த திராட்சை விழாவுக்கு அப்படி ஓர் இசை வேண்டும் என்று உத்தரவு வந்தது. செய்ய வேண்டியவன் திலீபன். மயிலாடும்பாறைக்காரன், அலுவலகத்தின் தற்காலிக ஒலி உதவியாளன். தற்காலிகம் ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. உத்தமபாளையத்தில் கயல் என்ற பெண்ணை அவனுக்குப் பேசி வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா சுரேஷ்கண்ணன், "நிரந்தர ஆர்டர் வரட்டும், மறுநாளே தேதி குறிச்சிருவோம்" என்று ரெண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விழா இசை நன்றாக அமைந்தால் இசைப் பணியிடத்தில் திலீபனை நிரந்தரமாக்கப் பரிந்துரைப்பதாகத் துணை இயக்குநர் வாக்குக் கொடுத்தார்.

திலீபனிடம் லேப்டாப்பும் சின்ன கீபோர்டும் இருந்தன. பேட்டரி செத்துப்போன லேப்டாப். பிளக்கில் மாட்டினால் மட்டும் உயிர் வரும். அதற்குள் ஒரு மென்பொருள். எங்கோ வெளிநாட்டு அரங்கில் பதினெட்டு வயலின்காரர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு சுரமாக வாசிக்கச் சொல்லிப் பதிந்து வைத்தது. அதில் பேட்டர்ன் என்று ஒன்று உண்டு. ஒரு நம்பரைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கீபோர்டில் ஒரு கட்டையை அமுக்கிப் பிடித்தால், தகதிமி தகதிமி என்று பதினெட்டுப் பேரும் தாங்களாக ஓடுவார்கள். வேறு கட்டைக்கு விரலை மாற்றினால் அந்தச் சுரத்துக்கு மாறி ஓடுவார்கள். எடுத்தால் நிற்பார்கள். கோம்பைப் பிள்ளையை அழவைத்ததும் ஆட்டை மிரட்டியதும் இதே ஏழாம் நம்பர் பேட்டர்ன்தான். திலீபனும் அதையே எடுத்தான். பழகின சத்தத்தைத்தான் பெரியவர்கள் புதுமை என்று பாராட்டுவார்கள் என்பது அவன் அனுபவம்.

துணை இயக்குநர் கண்ணை மூடிக் கேட்டார். திறந்தார்.

"எத்தனை பேருய்யா வாசிக்கிறாக?"

நான் ஒருத்தன்தான் என்று அவன் சொல்லியிருக்கலாம். மென்பொருளில் எழுதியிருந்ததைச் சொன்னான்.

"பதினெட்டு வயலின் சார்."

"அடேயப்பா! நீ என்ன செய்யிற?"

"கட்டையை அமுக்கிப் பிடிச்சிருக்கேன் சார்."

"எந்தக் கையால?"

"இடது கை சார்."

"வலது கை?"

"சும்மாதான் சார் இருக்கும். டீ குடிக்கலாம்."

துணை இயக்குநர் கோப்பின் ஓரத்தில் பச்சை மையில் எழுதினார்: 'மேற்படி பணியாளரின் ஒரு கை பணியின்றி உள்ளது.' பிறகு பெல்லை அமுக்கினார். கதவு திறந்தது, பேனா வந்தது, நாடா அவிழ்ந்தது. திலீபன் மூன்றையும் பார்த்துவிட்டு, அண்ணன் காதருகே குனிந்து கேட்டானாம்: "அண்ணே, இது எத்தனாம் நம்பர் பேட்டர்ன்?"

இந்த இடம் வரும்போதெல்லாம் அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பார்.

பதினெட்டுப் பேரின் விவரப் பட்டியல் தேவை என்று உத்தரவாயிற்று. ஹேமாவதி அம்மா ஃபாரத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

"ஏப்பா திலீபா, ஆளுக பேரைச் சொல்லு."

"ஆளுக இல்ல மேடம். சத்தம் மட்டுந்தான் இருக்கு."

"சத்தத்துக்கு ஃபாரம் கிடையாதுப்பா. ஆளுக்குத்தான் இருக்கு. சொல்லு."

"வயலின் ஒண்ணு, வயலின் ரெண்டு..."

"அப்பா பேரு?"

"பேட்டர்ன்னு போட்டுக்கங்க."

"பதினெட்டுப் பேருக்கும் ஒரே அப்பாவா?"

"ஆமா மேடம்."

"பெரிய குடும்பந்தான். முகவரி?"

"லேப்டாப்பு மேடம்."

"கதவு நம்பர்?"

மருத்துவச் சான்று கட்டாயம் என்பதால் அதுவும் வந்தது: 'உடல் இல்லாமையால் உடற்குறை ஏதும் காணப்படவில்லை.' தினமும் காலையில் லேப்டாப்பைத் திறந்ததும், ராக்கப்பன் வருகைப் பதிவேட்டில் பதினெட்டுக் கட்டம் நிரப்புவார்.

மேடையில் இசைப்பவர்கள் மக்கள் பார்வையில் அமர்ந்திருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. ஆகவே திராட்சை விழா மேடையில் பதினெட்டு நாற்காலி, ஒவ்வொன்றிலும் பெயர் அட்டை. அந்த அட்டைகளை அடித்துக் கொடுத்தவன் நான்தான். தேனி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் வாசகம் எழுதுகிறேன். வயலின் 1 தொடங்கி வயலின் 18 வரை. இவர்களெல்லாம் யார் என்று நான் கேட்கவில்லை. எழுத்து மஞ்சளா வெள்ளையா என்று மட்டும் கேட்டேன்.

விழா தொடங்கியது. திலீபன் கட்டையை அமுக்கினான். ஏழாம் நம்பர் பேட்டர்ன் முழங்கியது. விருது வாங்க மேடையேறிய திராட்சைத் தோட்டக்காரி இருளம்மாள், மூட்டு வலி தாங்காமல் வயலின் 6-இல் உட்கார்ந்துவிட்டாள். ராக்கப்பன் ஓடினார்.

"ஆத்தா, எந்திரி. இங்கன ஆளு இருக்கு."

"எங்கனலே?"

"இங்கனதான். வாசிச்சுக்கிட்டு இருக்காரு."

"அப்ப நான் அவரு மடியிலயா உக்காந்திருக்கேன்?"

ராக்கப்பன் ஹேமாவதி அம்மாவைப் பார்த்தார். அவர் துணை இயக்குநரைப் பார்த்தார். துணை இயக்குநர் யோசித்து, "வாசிப்புக்கு இடைஞ்சல் இல்லாம உக்காரலாம்" என்று வாய்மொழியாக அனுமதி அளித்தார்.

மாவட்டத்தின் பெரியவர்கள் மேடையேறிக் குத்துவிளக்குப் பக்கம் நடந்தபோது கரண்டு போனது. இசை பாதியில் அறுந்தது. திலீபன் மட்டும் கட்டையிலிருந்து விரலை எடுக்கவில்லை. கரண்டு திரும்பி வரும்வரை இருபது நிமிடம் அமுக்கியபடியே நின்றான். நிரந்தரம் அந்த விரலுக்கு அடியில் இருப்பதாக அவனுக்கு ஒரு நினைப்பு.

திங்கட்கிழமை பதினெட்டு மெமோ தயார். 'விழா நடந்துகொண்டிருக்கையில், முன்அனுமதி பெறாமல், தாங்கள் அனைவரும் ஒரே நொடியில் பணியை நிறுத்தியதற்கான காரணத்தை ஏழு நாட்களுக்குள் தெரிவிக்கவும்.'

திலீபன் உள்ளே ஓடினான்.

"சார், கரண்டு போச்சு சார்."

"கரண்டு போனா நீ நின்னியா? விரலை எடுத்தியா?"

"இல்ல சார்."

"நான் என் வேலையை நிறுத்தினேனா?"

"இல்ல சார். உக்காந்துதான் இருந்தீக."

"பின்ன அவுக மட்டும் ஏன்யா நிறுத்துனாக? கரண்டு இருந்தா ஓடுறதுக்கும் போனா நிக்கிறதுக்கும் மனுசன் என்ன மிஷினா?"

திலீபன் வெளியே வந்தான். ஒரே ஒரு விளக்கக் கடிதம் எழுதினான். அதைப் பதினெட்டுப் பிரதி எடுத்து, பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தான். துணை இயக்குநர் பதினெட்டையும் படித்தார்.

"பாத்தீகளா மேடம், பதினெட்டுப் பேரும் ஒரு எழுத்துப் பிசகாம ஒரே மாதிரி எழுதியிருக்காக. இந்த ஒழுங்கை நான் எந்த ஆபீஸ்லயும் பாத்ததில்ல."

முறைப்படி விசாரணை நடந்தது. ராக்கப்பன் வராந்தாவில் நின்று ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை கூப்பிட்டார். ஒருவரும் வரவில்லை. 'எதிர்த்துப் பேசவில்லை. சங்கத்துக்காரரைக் கூட்டி வரவில்லை. கண்ணீர் விடவில்லை' என்று பதிவாயிற்று. அறிக்கையின் முடிவுரையை அண்ணன் மனப்பாடமாகச் சொல்வார்: 'மேற்படியார் இதுநாள்வரை விடுப்பு எடுத்ததில்லை. மாறுதல் கேட்டதில்லை. காரணம் கேட்டதில்லை. விரல் காட்டிய இடத்துக்கெல்லாம் சென்றிருக்கிறார்கள். அரசுப் பணிக்கு இதற்குமேல் தகுதி வேண்டுவதில்லை.'

பதினெட்டு வயலினும் நிரந்தரமானது.

அலுவலகத்துக்கு அனுமதிக்கப்பட்டிருந்த இசைப் பணியிடங்கள் மொத்தமே பதினெட்டு. திலீபன் பத்தொன்பதாவது ஆள். அவன் கோப்பில் நாலே வரி எழுதி மூடிவிட்டார்கள்: 'இவரது பணி கட்டையை அமுக்குவது மட்டுமே. அதிலும் ஒரு கை பணியின்றி உள்ளது. பணியிடம் காலியில்லை. கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.' கூடவே ஒரு சுற்றறிக்கை. தற்காலிகப் பணியாளர்கள் காலையில் லேப்டாப்பைத் திறக்கும்போது நிரந்தரப் பணியாளர்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டும். திலீபன் இன்றும் சொல்கிறான்.

கயலின் அப்பா செய்தி கேட்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். திலீபன் ஹாலில் நிற்கும்போதே ஹேமாவதி அம்மாவிடம் குரலைத் தணித்துக் கேட்டார்:

"அம்மா, நிரந்தரம் ஆன அந்தப் பதினெட்டுப் பேருல கல்யாணம் ஆகாத பையன் யாரும் இருக்காகளா?"

"எல்லாருமே ஆகாதவகதான்."

"பழக்க வழக்கம் எப்படி?"

"வெத்தலை பாக்குக்கூடப் போட்டதில்ல."

அவர் திலீபனைத் திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். கயலுக்கு அடுத்த வைகாசியில் போடிநாயக்கனூரில் கல்யாணம் நடந்தது. மண்டபத்தில் ஏழாம் நம்பர் பேட்டர்ன்தான் போட்டார்கள்.

திலீபன் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுத் தன் கோப்பின் நகலை வாங்கினான். அந்த நாலு வரியை என் கடைக்குக் கொண்டுவந்து லேமினேஷன் செய்யச் சொன்னான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கையால் எழுதியிருந்தது. செல்லப்பாண்டி அண்ணனின் முத்து முத்தான எழுத்து. கீழே துணை இயக்குநரின் பச்சைக் கையெழுத்து, தேதி, நேரம் காலை 11.40.

அண்ணனிடம் அன்றைக்கே கேட்டிருந்தேன். திலீபனுக்கு எப்படி அண்ணே அப்படி எழுத மனசு வந்தது என்று. அவர் சங்கடப்படவில்லை.

"நான் எங்கப்பா எழுதினேன்? பெல் அடிச்சாக. ஒரே அடி. எந்திரிச்சேன், பேனாவை எடுத்தேன், கை எழுதிருச்சு. பெல் அடிச்சா என்ன செய்யச் சொல்ற?"

நாலு வருடமாக எப்போது கேட்டாலும் இதே வார்த்தைகள்தான், இதே வரிசையில்.

என் சந்தேகம் அந்தத் தேதியில்தான் இருந்தது. அது எனக்கு நன்றாக ஞாபகம் உள்ள நாள். கோம்பையில் ஒரு பூப்பு நீராட்டு விழாவுக்கு ஃபிளெக்ஸ் அடிக்க முடியாமல், பெண்ணின் தாய்மாமன் விஜய்ராஜ் பொழுதெல்லாம் என் கடையில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தார். தேனி நகரம் முழுவதும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை. அண்ணன் அலுவலகத்தில் இன்வெர்ட்டர் கிடையாது. அதை வாங்கும் கோப்பு இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.

இதைக் கேட்டுவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை டீக்கடையில் வாயெடுத்திருக்கிறேன். கேட்டால், அந்தப் பதினெட்டு அட்டையை அடிச்சது யாருப்பா என்று அவர் திருப்பிக் கேட்பாரோ என்ற பயத்தில் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். போன வாரம் அவருக்குப் பணி ஓய்வு. சால்வையும் மாலையுமாக டீக்கடைக்கு வந்து, "பெல் அடிச்சாக, எந்திரிச்சேன், பேனாவை எடுத்தேன்" என்று மறுபடியும் அதே கதையைத் தொடங்கினார். நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"அண்ணே, அன்னைக்குக் காலையில ஒன்பது மணியிலருந்து தேனியில கரண்டே இல்லையே. பெல்லு எப்படிண்ணே அடிச்சுச்சு?"